மனச்சாட்சியும் மனத்துள் இருக்கும் ஸாக்ஷியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சில மாதங்களுக்கு முன்பு, வாரம் ஒருமுறை இணையவழியில் கூடும் சிறிய கோஷ்டியொன்றில், பாசுரங்களுக்குப் பொருள் சொல்லும் பாக்யம் அடியேனுக்கு வாய்த்தது. ஒரு நாள், பாசுரத்தில் வந்த ஒரு சொல்லுக்கு விசேஷார்த்தம் ஒன்றைச் சொன்னேன். அது ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரியவருடைய திருவாக்கிலிருந்து கேட்டது. அவர் பரமபதித்துப் பல ஆண்டுகள் ஆயின; அவர் எதையும் எழுதி வைக்கவும் இல்லை. ஆனால் அன்று அடியேனுடைய நாக்கு, "இப்பாசுரத்தை அநுஸந்திக்கும்போது அடியேனுக்குத் தோன்றியது" என்று சொல்லிவிட்டது. கேட்டவர்கள் உருகினார்கள். கடல் கடந்து வாழும் ஓர் அம்மையார், அந்த அர்த்தத்தை நினைத்து நினைத்துக் கண்ணீர் விட்டதாக மறுநாள் எழுதியிருந்தார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. செய்தது தவறு என்று அறிந்துகொள்ள எந்த சாஸ்த்ரத்தையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால், தவறு என்று உணர்த்திய அதே மனமே அடுத்த நொடியில் அடியேனுக்காக வாதாடவும் தொடங்கியது. "அர்த்தம் நல்லதாக இருந்தால் போதாதோ? யார் சொன்னது என்பதா முக்கியம்?" என்றது. "அந்தப் பெரியவர் இருந்திருந்தால் இதைப் பொருட்படுத்தியிருப்பாரோ?" என்றது. "இப்போது போய் இதைச் சொன்னால் கோஷ்டியின் மனம் கலங்கும், அதுவன்றோ அபசாரம்!" என்றும் சொல்லிற்று. மூன்றும் கேட்பதற்கு நன்றாகவே இருந்தன. மூன்றாவது ஸமாதானம் பாகவத பக்தி போலவே தோன்றியது.

மனச்சாட்சிப்படி நடந்தால் போதும், அதுவே தர்மம் என்று இக்காலத்தில் பலரும் சொல்லக் கேட்கிறோம். அன்றிரவு அடியேனுக்கு எழுந்த கேள்வி இதுதான். குற்றம் சாட்டியதும் மனம்; குற்றத்தை மறைக்க வழி சொன்னதும் மனம். இவ்விரண்டில் எது மனச்சாட்சி? எதன் சொல்லைக் கேட்டு நடப்பது?

மனச்சாட்சி என்னும் சொல்லையே சற்று நின்று பார்க்கலாம். அதை இரண்டு விதமாகப் பிரித்துப் பொருள் கொள்ள இடமுண்டு. மனமாகிய சாட்சி என்பது ஒன்று. மனத்தில் இருக்கும் சாட்சி என்பது மற்றொன்று. முதல் பொருளில், மனமே சாட்சி சொல்கிறது. இரண்டாவது பொருளில், மனம் சாட்சி அன்று. அது ஓர் இடம் மாத்திரம். சாட்சியாக இருப்பவன் அங்கே வேறொருவன்.

மநு ஸ்ம்ருதியின் 8-ஆம் அத்யாயத்தில், வழக்கு மன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவனுக்கு நியாயாதிபதி எடுத்துரைக்க வேண்டிய வார்த்தைகள் வருகின்றன. தனியாக இருக்கிறேன் என்று நீ எண்ணுகிறாய். உன் புண்ணியத்தையும் பாபத்தையும் பார்த்துக்கொண்டு உன் ஹ்ருதயத்திலேயே ஒருவன் இருக்கிறான் என்பது அங்குள்ள கருத்து. மஹாபாரதத்தில், ஆதிபர்வத்தில், சகுந்தலை துஷ்யந்தனுடைய ஸபையில் நின்று சொல்லும் வார்த்தையும் இதுவே. அந்த துஷ்யந்தன் அவளை மறந்தவன் அல்லன். நன்றாக நினைவிருந்தும், அறியேன் என்று சொன்னவன். அவனைப் பார்த்து அவள், "உன் மனத்தைக் கேட்டுப் பார்" என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. உன் ஹ்ருதயத்தில் உறையும் பழையவனை நீ அறியவில்லையே என்றாள். பொய் சொல்லத் துணிந்தவனுடைய மனம், கேட்டால் என்ன சொல்லும் என்பதை அவள் அறிந்திருந்தாள் போலும்.

மஹாகவி காளிதாஸன் இதே கதையை நாடகமாக்கியபோது, துஷ்யந்தனை ஆச்ரமத்தில் வேறொரு வார்த்தை சொல்ல வைக்கிறான். முனிவருடைய பெண்ணாகத் தோன்றும் இவளை க்ஷத்ரியனாகிய நான் விரும்பலாமோ என்று அரசனுக்கு ஸந்தேஹம். ஸந்தேஹமான இடத்தில் ஸத்புருஷர்களுக்கு அவர்களுடைய அந்த:கரணத்தின் போக்கே ப்ரமாணம் என்று சொல்லி அவன் தேறிக்கொள்கிறான். அவன் மனம் அன்று சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் அதே மனம், சாபத்தின் வசப்பட்டு, கர்ப்பவதியாக வந்து நின்றவளைப் பார்த்து, யாரோ என்றது. நேற்று ப்ரமாணமாக இருந்தது இன்று ப்ரமாணமாக இல்லை. நமக்கு துர்வாஸ சாபம் வேண்டாம். ஆசையும் கோபமும் புகழும் போதும்.

நம் பூர்வர்கள் மனத்தின் சொல்லைத் தள்ளிவிடவில்லை. அதற்கு உரிய இடத்தைக் கொடுத்தார்கள். தர்மத்தை அறிய மநு காட்டும் வழிகள் நான்கு: வேதம், ஸ்ம்ருதி, ஸத்துக்களின் ஆசாரம், தன் ஆத்மாவுக்கு உகந்திருத்தல். மனத்தின் உகப்பு நான்காவதாக நிற்கிறது. யாஜ்ஞவல்க்ய ஸ்ம்ருதிக்கு மிதாக்ஷரா என்னும் உரை செய்த விஜ்ஞாநேச்வரர் இதை இன்னும் வரையறுக்கிறார். சாஸ்த்ரமே இரண்டு வழிகளை அநுமதித்திருக்கும் இடத்தில், எதைக் கொள்வது என்பதை மனத்தின் உகப்பு தீர்மானிக்கலாம் என்பது அவர் கொண்ட பொருள். உபநயனத்துக்குரிய எட்டாம் வயதைக் கர்ப்பத்திலிருந்து எண்ணுவதோ, பிறப்பிலிருந்து எண்ணுவதோ என்பது போன்ற இடங்களை அவர் உதாஹரணமாகக் காட்டுகிறார்.

தைத்திரீயோபநிஷத்தில், படிப்பு முடிந்து வீடு திரும்பும் சிஷ்யனுக்கு ஆசார்யன் சொல்லும் உபதேசமும் இங்கே நினைக்கத் தக்கது. செய்யும் கர்மத்திலோ நடத்தையிலோ ஸந்தேஹம் வந்தால், ஆராயும் திறம் உடையவர்களாய், கடுமை இல்லாதவர்களாய், தர்மத்தையே விரும்புகிறவர்களாய் இருக்கும் பெரியோர் அவ்விடத்தில் எப்படி நடப்பார்களோ அப்படி நட என்கிறார். உன் மனத்தைக் கேள் என்று சொல்லவில்லை. கடுமை இல்லாதவர்கள் என்று ஓர் அடையாளம் சேர்த்திருப்பதும் கவனிக்கத் தக்கது. அறிவு இருந்தால் மட்டும் போதாது. நெஞ்சில் ஈரமும் வேண்டும் என்றபடி.

இங்கே ஒரு சங்கை எழலாம். சாஸ்த்ரமும் சிஷ்டாசாரமுமே போதுமென்றால், உள்ளிருந்து எழும் உணர்வுக்கு ஒரு மதிப்பும் இல்லையோ? ஸ்ரீராமாயணத்தில் ஸ்ரீ விபீஷணாழ்வான் சரணாகதி செய்த கட்டம் இதற்கு நல்ல விடை தருகிறது.

இலங்கையில் பிராட்டியைச் சிறை வைத்தது தவறு என்பதை அறிந்தவன் விபீஷணாழ்வான் ஒருவன் மட்டுமல்லன். கும்பகர்ணனும் அறிந்திருந்தான். ஸபையிலே, முன்னமே எங்களைக் கேட்காமல் செய்தது முறையன்று என்று அண்ணனைக் கடிந்தும் பேசினான். பேசி முடித்து, ஆயினும் உன் பகைவரை நான் முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான். அவன் மனச்சாட்சி பேசாமல் இல்லை. பேசியது, அவன் கேட்டான், கேட்டபின் தன் வழியே போனான்.

இனி, கடற்கரையின் இப்பாலில் நடந்தது. நான்கு துணைவர்களோடு வந்து வானத்தில் நின்ற விபீஷணாழ்வானைக் கண்டவுடன், இவன் ராவணன் அனுப்பிய ஒற்றன், கொல்லத் தக்கவன் என்றார் ஸுக்ரீவ மஹாராஜர். ஆபத்துக் காலத்தில் தமையனைக் கைவிட்டவன் வேறு யாரைத்தான் கைவிடமாட்டான் என்பது அவர் கேள்வி. தம் தமையனோடு போரிட்டு அரசு பெற்றவர் அவர் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை. ஆனாலும் அவர் பொய்யாகப் பேசவில்லை. பெருமாளிடத்தில் வைத்த பரிவினாலேயே, மனமறிய, அது சரி என்று நம்பியே பேசினார். தூய மனமும் தவறு செய்யக் கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பெருமாள் இதற்கு எப்படி விடை அருளினார்? ஸர்வஜ்ஞனான அவர், என் மனம் இப்படிச் சொல்கிறது என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தன் பேடையைப் பிடித்த வேடன் சரணமாக வந்தபோது, தன் உடலையே உணவாகக் கொடுத்த புறாவின் சரிதத்தை எடுத்துக் காட்டினார். கண்டு மஹர்ஷியின் வார்த்தையை எடுத்துக் காட்டினார். சிஷ்டாசாரத்தையும் ஆப்த வசனத்தையும் முன்னிட்ட பிறகே தம்முடைய வ்ரதத்தை வெளியிட்டார். ஸ்வாமி தேசிகன் அபயப்ரதானஸாரம் என்று ஒரு ரஹஸ்யத்தையே இக்கட்டத்துக்காக அருளிச்செய்திருக்கிறார் என்றால், இதன் பெருமையைச் சொல்லவும் வேண்டுமோ!

பெருமாளுடைய வார்த்தையைக் கேட்ட பின்பு மஹாராஜர் சொல்வதுதான் நம் விஷயத்துக்கு உயிரானது. என் அந்தராத்மாவும் விபீஷணன் தூயவன் என்றே அறிகிறது என்னும் கருத்துப்படப் பேசுகிறார். சற்று முன்பு, கொல்லத் தக்கவன் என்று சொன்னதும் அதே அந்தராத்மாதான். இடையில் நடந்தது ஒன்றே: அவர் கேட்டார். தம் மனத்தின் முதல் வார்த்தையையே முடிவான வார்த்தையாகக் கொண்டிருந்தால், அவர் பரிவே சரணாகதனுக்குப் பகையாக முடிந்திருக்கும்.

ஆகவே, உள்ளுணர்வு வேண்டாதது அன்று. அது கேட்டுக் கேட்டுத் திருந்த வேண்டியது. நாம் காலக்ஷேபம் கேட்பதும், பெரியோர்களோடு பழகுவதும், பாசுரங்களைத் தினமும் அநுஸந்திப்பதும் தகவல் சேர்ப்பதற்காக அல்ல. நம் அந்தராத்மா எதைக் கண்டு உகக்க வேண்டும், எதைக் கண்டு கூச வேண்டும் என்று அதற்குப் பழக்கம் ஏற்படுத்துவதற்காகவே.

இருந்தாலும் ஒன்று மிஞ்சி நிற்கிறது. அடியேன் செய்த தவறில் ஸந்தேஹம் ஏதும் இல்லையே! எது சரி என்று தெரியாமல் தடுமாறவில்லை. தெரிந்தே, தெரியாததுபோல் இருக்கத்தான் மனம் வழி தேடியது. இப்படிப்பட்டவனுக்கு எது மருந்து? இங்கேதான் தொண்டரடிப்பொடியாழ்வார் நமக்குக் கை கொடுக்கிறார்.

பெரிய பெருமாள் விஷயமாக ஆழ்வார் அருளிச்செய்த திருமாலை 45 பாசுரங்கள் கொண்டது. அதில் 25-ஆம் பாசுரம் தொடங்கி, தம்மிடத்தில் ஒரு கைம்முதலும் இல்லாமையை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருகிறார். கர்ம யோக்யதை இல்லை, பக்தி இல்லை, மனத்தில் தூய்மை இல்லை, வாயில் இன்சொல் இல்லை என்று சொல்லி வந்து, 34-ஆம் பாசுரத்தில் ஒரு விசித்ரமான இடத்தை அடைகிறார். அதன் திரண்ட பொருள் இது: நெஞ்சிலேயே நித்யவாஸம் செய்யும் உன்னை நினைக்கும் அறிவு சிறிதும் இல்லாத கள்வன் அடியேன், அப்படியிருந்தும் அடியவன் போலே வேஷம் தரித்தேன், எவர் எதை நினைத்தாலும் அதை அவரோடு கூடவே இருந்து நீ அறிகிறாய் என்பதை எண்ணியபோது, நாணம் மேலிட்டு, எனக்குள்ளேயே விலா எலும்பு நோகச் சிரித்துவிட்டேன்.

இப்பாசுரத்தில் மூன்று விஷயங்கள் நம் கேள்விக்கு நேரே விடையாக அமைகின்றன.

முதலாவது, ஆழ்வார் தம் மனத்தை சாட்சியாக நிறுத்தவில்லை. மனம் கள்ளத்தனம் நிறைந்தது என்று அதையே குற்றவாளியின் பக்கத்தில் நிறுத்துகிறார். சாட்சி அந்த மனத்துக்குள் குடியிருப்பவன். வீட்டுக்குள் திருடன் இருக்கிறான். அதே வீட்டில் வீட்டுக்காரனும் விழித்துக்கொண்டே இருக்கிறான். திருடன் மூன்று ஸமாதானங்கள் சொன்னாலும் முப்பது சொன்னாலும் வீட்டுக்காரன் கண்டது மாறாது. அந்தர்யாமி என்ற திருநாமத்தை வேதாந்த விசாரத்தில் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஆழ்வார் அதை, இப்போது, இங்கே, என் பொய்க்குப் பக்கத்தில் என்று காண்கிறார்.

இரண்டாவது, ஆழ்வாருக்கு வந்தது பயம் அன்று, நாணம். பயம் பின்னால் வரப்போகும் தண்டனையைப் பார்க்கிறது. ஆகையால் தப்பிக்க வழி தேடும். நாணம் எதிரே இருப்பவனைப் பார்க்கிறது. அதற்குத் தப்பிக்கும் எண்ணமே வராது. யாருக்கும் தெரியாது என்ற உறுதி பயத்தைப் போக்கிவிடும். உடன் இருப்பவனுக்குத் தெரியும் என்ற நினைவு இருக்கும்வரை நாணம் போகாது.

மூன்றாவது, அந்த நாணம் சிரிப்பாக முடிந்தது. தன்னோடு ஒரே அறையில் இருப்பவனிடமிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒளிந்துகொள்ளும் குழந்தையைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வராதோ? ஆழ்வார் அக்குழந்தையாகவும் இருந்தார். அதைக் கண்டு சிரித்தவராகவும் இருந்தார். உள்ளே இருப்பவன் விரோதியாக இருந்தால் இச்சிரிப்பு வந்திராது. அவன் மார்பில் புருஷகாரபூதையான பிராட்டி இருக்கிறாள். நம் குற்றங்களை எல்லாம் அறிந்தும் நம்மை விட்டு அகலாமல் இருக்கிறவன் அவன். தன் குற்றத்தைத் தானே கண்டு தன்னை வாட்டிக்கொள்ளும் மனச்சாட்சி மனிதனை நிராசையில் தள்ளக்கூடும். ஸாக்ஷியே ரக்ஷகன் என்று அறிந்தவனுக்கு அக்குற்றவுணர்வு திருவடிகளை நோக்கித் திரும்பும் வழியாகிறது. அடுத்த பாசுரத்தில் ஆழ்வார் அவனையே நோக்கித் திரும்பிக் கதறுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

உடனே இன்னொரு சங்கை: உள்ளேயே இருந்து எல்லாம் அறிகிறவன், நாம் தவறு செய்யும்போது ஏன் தடுக்கவில்லை? ஸ்ரீபாஷ்யத்தில் 2-ஆம் அத்யாயத்தின் 3-ஆம் பாதத்தில், பராயத்தாதிகரணத்தில், எம்பெருமானார் இதற்கு ஸமாதானம் அருளிச்செய்கிறார். ஜீவன் செய்யும் முதல் முயற்சியை எதிர்பார்த்தே அந்தர்யாமி அநுமதி தந்து செயலை நடத்துகிறான். இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் பிறருக்குக் கொடுக்க வேண்டுமானால் மற்றவருடைய அநுமதி இல்லாமல் கொடுக்க முடியாது; ஆனாலும் அநுமதியை வேண்டிப் பெற்றவர் கொடுப்பவரே ஆகையால், அதன் பலனும் அவரையே சேரும். இது ஸ்வாமி காட்டும் த்ருஷ்டாந்தம்.

இதைச் சிந்திக்கும்போது நெஞ்சு நடுங்குகிறது. அன்று அடியேன் நாக்கு அசைந்ததும் அவனுடைய அநுமதியினாலே. பொய்க்கு முதல் அடி எடுத்து வைத்தவன் அடியேன். அவன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தவில்லை. கீதையில் உபதேசித்துக்கொண்டு வந்தவன், இறுதியில், இதை முழுவதும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று அர்ஜுனனிடம் சொன்னானன்றோ? அந்த முதல் அடியை அவன் நமக்கென்று விட்டிருக்கிறான். அறவாழ்வு முழுவதும் அந்த ஓர் அடியளவு இடத்தில்தான் நடக்கிறது.

அடுத்த வாரம் கோஷ்டி கூடியபோது, முதல் வார்த்தையாக, சென்ற வாரம் சொன்ன விசேஷார்த்தம் அடியேனுக்குத் தோன்றியதன்று, ஒரு பெரியவரிடம் கேட்டது, அடியேனுடையதாகச் சொன்னது பிழை, க்ஷமிக்க வேண்டும் என்று விண்ணப்பித்தேன். கோஷ்டி கலங்கவில்லை. அந்த அம்மையார், அப்பெரியவருடைய திருநாமத்தைச் சொல்லும்படி கேட்டு, அவர் இருந்த திசை நோக்கி ஒரு தண்டன் ஸமர்ப்பிப்பதாகச் சொன்னார். மனம் சொன்ன மூன்றாவது ஸமாதானமும் பொய் என்று அப்போது தெரிந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அடியேனுக்கு ஒரு பெருமையாக இருந்திருக்கும். முடியவில்லை. கணினியை மூடிவிட்டு எழுந்தபோது, எவ்வளவு நேர்மையானவர் என்று ஒருவராவது எழுதுவார்களோ என்று மனம் காத்துக்கொண்டிருந்தது. ஒரு வேஷத்தைக் களைந்த கையோடு அதைவிட அழகான இன்னொரு வேஷத்தைத் தரித்தாகிவிட்டது! இதையும் கூடவே இருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைவு வந்தது. அப்போதுதான், பல ஆண்டுகளாகப் பொருள் சொல்லி வந்த பாசுரத்தில், ஆழ்வார் ஏன் அழாமல் சிரித்தார் என்பது சிறிது விளங்கிற்று. ஆழ்வார் சிரித்த சிரிப்பின் நிழல்கூட அடியேனுக்கு வாராது. ஆனால் அறையில் தனியாக நின்று சிரித்தது உண்மை. தனியாக என்று எழுதியதும் பிழை.

மனம் சொல்வதை எல்லாம் எம்பெருமான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். சாஸ்த்ரத்தையும் பெரியோர்களின் நடத்தையையும் கேட்டுக் கேட்டு மனத்தைத் திருத்திக்கொள்வோம். திருந்திய மனமும் ஸமாதானம் சொல்லத் தொடங்கும்போது, அதனோடு வாதாடாமல், அதற்குள்ளே இருப்பவனை நினைப்போம். இவ்வளவே அடியேனுடைய விண்ணப்பம். இதில் நன்றாக இருப்பவை பெரியோர்களிடம் கேட்டவை. பிழையாக இருப்பவை அடியேனுடையவை. பாகவதர்கள் க்ஷமித்தருள வேண்டும்.

தொண்டரடிப்பொடியாழ்வார் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன்,
ராமாநுஜ தாஸன்